தங்கமுலாம் கம்பியும் பூஞ்சை பிடித்த ஒலிநாடாவும்

வீட்டில் இசை கேட்பதற்கென்று தனியாக ஒரு கணினி அமைத்துக்கொள்ளும் பழக்கம் நம் இலக்கிய நண்பர்களிடையே பரவிவருகிறது. நல்லதுதான். சிற்றிதழ்களைத் தைத்து அட்டைபோட்டு அடுக்கிய கைகள் பாட்டுகளையும் அடுக்கத் தொடங்கியிருக்கின்றன. ஆனால் அந்தக் கணினிக்கு என்னென்ன உறுப்புகள் வாங்குவது என்ற பேச்சு எழுந்தவுடன் நடக்கும் கூத்தைப் பார்த்துக்கொண்டு நம்மால் சும்மா இருக்க முடியவில்லை. எந்தக் கேபிள் போட்டால் தம்புரா துலங்கும், எந்தப் பவர் சப்ளை மாட்டினால் மிருதங்கத்தின் தொப்பி ஆழ்ந்து பேசும் என்று மணிக்கணக்கில் விவாதிக்கிறார்கள். சங்கப் பாடலுக்கு உரை எழுதுகிறபோது ஆதாரம் எங்கே என்று அதட்டுகிற அதே நண்பர்கள், கடைக்காரர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு வருகிறார்கள். இன்னொரு சாரார், இதெல்லாம் எதற்கு, மாதச் சந்தா கட்டினால் உலக இசை முழுவதும் கைப்பேசியில் வருகிறதே என்று சிரிக்கிறார்கள். மூன்றாவது சாரார், எழுத்தாளனுக்கு இரும்புக்கடை விவகாரம் எதற்கு என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். மூவரோடும் நமக்கு வழக்கு உண்டு.

நம் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வீட்டு இசைக்கணினி என்பது ஒரு சுவடிநிலையம். அதற்குச் செலவழிக்கும் பணம் முதலில் ஒலி அழியாமல் காப்பதற்குப் போக வேண்டும். அடுத்து அந்த ஒலியைத் தமிழில் பெயர் சொல்லித் தேடி எடுப்பதற்குப் போக வேண்டும். மிச்சம் இருந்தால் செவியின் ஆடம்பரத்துக்குப் போகட்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி வைத்திருப்பதுதான் இன்றைய கோளாறு.

இது ஏன் இலக்கிய வாசகனின் கவலை என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889-1934) என்ற பெயரை இசை அறிந்தவர்கள் எல்லாரும் அறிவார்கள். லயத்தில் அவருக்கு நிகரில்லை என்றும், பக்கவாத்தியங்கள் வரிசையாக அமர்ந்த முழுக் கச்சேரியின் நடுவில் அசராமல் பாடுவார் என்றும், திருப்புகழை மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் என்றும் படித்திருக்கிறோம். படித்திருக்கிறோம், அவ்வளவே. அவர் ஒலிப்பதிவுக்கு இசையவில்லை. அவர் குரல் நமக்கு மிஞ்சவில்லை. அவருடைய தாயின் உடன்பிறந்தவரான தனகோடி அம்மாள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிராமபோன் தட்டுக்குப் பாடியவர். கீறலும் இரைச்சலும் கலந்து ஒலித்தாலும் அந்தக் குரல் இன்றும் இருக்கிறது. ஒரே குடும்பம், ஒரே ஊர். ஒருவரைக் கேட்கிறோம், மற்றவரைப் பற்றிக் கேள்விப்படுகிறோம். இலக்கிய வரலாற்றில் நூல் கிடைத்த புலவருக்கும் பெயர் மட்டும் கிடைத்த புலவருக்கும் உள்ள தூரம் இதுவே. அந்தத் தூரத்தின் துயரம் தமிழ் படித்தவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

நம் உத்திரமேரூர் வட்டாரத்துக்கு வருவோம். இராஜகுளத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் வசந்த விழாவில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடப்பது இப்பகுதியின் நெடுநாள் வழக்கம். ஒலிநாடா கிராமத்துக்கு வந்த பிறகு, 1980களிலும் 90களிலும், இந்தக் கூத்துகளை ஊரார் தாமே பதிவு செய்தார்கள். ஒலிபெருக்கிக் கம்பத்தின் அடியில் டேப்ரிக்கார்டரை வைத்து விடிய விடியப் பதிந்த ஒலிநாடாக்கள் வீடுகளின் பரணில் இன்றும் கிடக்கின்றன. கர்ண மோட்சமும் பதினெட்டாம் போரும் முகவீணையோடும் ஆர்மோனியத்தோடும் அவற்றுள் உறங்குகின்றன. பாடிய வாத்தியார்களில் பலர் இன்று இல்லை. எந்த நிறுவனமும் வெளியிடாத, எந்தச் செயலியிலும் கிடைக்காத, ஒற்றைப் படி மட்டுமே உள்ள ஒலி அது. வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தில் அந்த நாடாக்களில் பூஞ்சை படர்கிறது, அழுத்துபஞ்சு உதிர்கிறது, நாடாவின் மேற்பூச்சு தலைமுனையில் ஒட்டிக்கொண்டு வருகிறது. இவற்றைக் காப்பாற்றக் கூடிய கருவி ஒன்று ஒரு சாதாரண ஆசிரியரின் வருவாய்க்குள் வந்து நிற்கும் காலத்தில், நாம் எந்தக் கம்பி இனிமையாகப் பாடும் என்று பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

கம்பி பாடாது. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே சொல்லலாம். குறுந்தட்டின் தரம் என்பது நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரு தடங்கள். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 1,76,400 பைட்டு, அதாவது ஏறத்தாழ 14 இலட்சம் பிட். கணினிக்குள் வன்தட்டை இணைக்கும் சாட்டா கேபிளின் திறன் நொடிக்கு 600 கோடி பிட். இசைக்கு வேண்டியதைப்போல் மூவாயிரம் மடங்குக்கும் மேல். வண்டி ஒன்று போகும் சாலையில் மூவாயிரம் வண்டிக்கு இடம் இருக்கிறது; அந்தச் சாலைக்குத் தங்கமுலாம் பூசினால் வண்டியில் உள்ள நெல் பொன்னி அரிசியாக மாறிவிடும் என்கிறார்கள். எண்களாக ஓடும் தகவல் கேபிளில் பழுதுபட்டால், கணினி அதைச் சோதித்துக் கண்டுபிடித்து மீண்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும்; முடியாவிட்டால் பிழை என்று அறிவிக்கும். பிழைபட்ட எண்கள் ‘சற்றே மங்கிய சஹானா’வாக ஒலிப்பதில்லை. படித்தால் முழுதாகப் படிக்கும், இல்லையேல் தடுக்கி நிற்கும்.

இசைக்கென்றே செய்த எஸ்.எஸ்.டி., இசைக்கென்றே செய்த நெட்வொர்க் கேபிள் என்று விற்கப்படுபவற்றுக்கும் இதே விடைதான். கணினியின் மின்னிரைச்சல் ஒலியில் கலக்கக்கூடிய இடம் ஒன்று உண்மையிலேயே உண்டு, அதை மறுக்கவில்லை. எண்ணை ஒலியாக மாற்றும் டேக் என்னும் பகுதிதான் அது. தாய்ப்பலகையிலேயே அமைந்த மலிவான டேக்கில் சில நேரம் இரைச்சல் கேட்கும். அதற்குத் தீர்வு, யு.எஸ்.பி.யில் மாட்டும் நேர்மையான டேக் ஒன்றைப் பெட்டிக்கு வெளியே வைத்துக்கொள்வது. பெட்டிக்கு உள்ளே இருக்கும் ஒவ்வோர் உறுப்பையும் ‘ஆடியோ தரம்’ என்ற முத்திரையோடு மூன்று மடங்கு விலைக்கு வாங்குவது தீர்வாகாது.

மாதிரி எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகும் மோகமும் இத்தகையதே. 44,100 மாதிரி என்பது 22,050 ஹெர்ட்சு வரையுள்ள ஒலியைப் பிடிக்கும். மனிதச் செவியின் எல்லை இளமையிலேயே 20,000 ஹெர்ட்சு அளவில் முடிகிறது. நாற்பதைத் தாண்டிய நமக்கு அதிலும் கணிசமாகக் குறைந்துவிட்டது. மேயர், மோரன் என்ற இருவர் 2007இல் ஒலிப்பொறியியல் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்தரப் பதிவையும், அதையே குறுந்தட்டுத் தரத்துக்கு இறக்கியதையும், எது எதுவென்று சொல்லாமல் கேட்கவைத்தார்கள். விடைகள் சரிபாதியளவுக்கே சரியாக இருந்தன. நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் அதே பலன்தான். 2016இல் ஜோசுவா ரீஸ் பல சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்து, சிறு வேறுபாடு உணரப்படுகிறது என்று காட்டினார். அந்தத் தொகுப்பிலும் சரியான விடை நூற்றுக்கு ஏறத்தாழ 52தான். இந்த இரண்டு விழுக்காட்டைப் பிடிப்பதற்காக இலட்சங்களைச் செலவழிப்பவர், பரணில் உள்ள நூறு விழுக்காட்டை இழந்துகொண்டிருக்கிறார்.

இனிச் சந்தாக்காரர்களிடம் வருவோம். உங்கள் உலக இசை யாருடையது என்று ஒரு நிமிடம் எண்ணிப்பாருங்கள். ஃபிளிப்கார்ட்டின் ஃபிளைட் என்ற பாட்டுக்கடை 2012இல் திறந்து 2013இல் மூடியது. கூகுள் பிளே மியூசிக் 2020இல் போனது. கானா 2022இல் இலவசக் கேட்பை நிறுத்திச் சந்தா கட்டுவோருக்கு மட்டும் என்றது. ரெஸ்ஸோ 2024 சனவரியோடு இந்தியாவில் முடிந்தது. அதே ஆண்டில் ஏர்டெல் தன் விங்க் செயலியை மூடுவதாக அறிவித்தது. பன்னிரண்டு ஆண்டுக் கதை இது. பன்னிரண்டு ஆண்டு என்பது ஒரு சிற்றிதழின் ஆயுளைவிடக் கொஞ்சம் அதிகம், ஒரு பனையோலையின் ஆயுளில் மிகச் சிறு பகுதி. சந்தா கட்டுகிறவன் இசையைக் குடக்கூலிக்கு எடுத்திருக்கிறான். வீட்டுக்காரர் காலி செய் என்றால் தட்டுமுட்டுச் சாமான்களைக்கூட எடுத்துக்கொள்ள முடியாத குடக்கூலி. புதிய பாட்டைக் கேட்டுப் பார்ப்பதற்குச் சந்தா நல்ல வசதி, மறுக்கவில்லை. ஆனால் உத்திரமேரூர் வட்டத்துக் கூத்தை எந்த விங்க்கும் எந்தக் கானாவும் உங்களுக்காக வைத்திருக்கப் போவதில்லை.

எதிர்ப்பக்கத்தில் ஒரு நல்ல எடுத்துக்காட்டும் உண்டு. ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற வீட்டு இசைக்கருவியை லாஜிடெக் நிறுவனம் 2012இல் கைவிட்டது. ஆனால் அதற்கான சர்வர் மென்பொருள் திறந்த மூலமாக இருந்ததால், பயன்படுத்தியவர்களே அதைப் பேணினார்கள். இன்று லிரியன் என்ற பெயரில் அது உயிரோடு இருக்கிறது. நிறுவனம் விட்டுப்போன பிறகும் கருவி பாடுகிறது. எனவே மென்பொருளைத் தேர்வதிலும் இதுவே நம் அளவுகோல்: லிரியனோ, நேவிட்ரோமோ, ஜெல்லிஃபினோ, எதுவாயினும் திறந்த மூலமாக இருக்கட்டும். கோப்பு வடிவத்துக்கும் அதே விதி. ஃபிளாக் 2001 முதல் இருக்கிறது. ஒலியில் ஒரு பிட்டுகூட இழக்காமல் அளவைப் பெரும்பாலும் பாதிக்கும் அறுபது விழுக்காட்டுக்கும் இடையே சுருக்குகிறது. எவருக்கும் உரிமத்தொகை கட்ட வேண்டியதில்லை. 2024இல் இணையப் பொறியியல் பணிக்குழு அதைத் தர ஆவணமாகவே வெளியிட்டது. எம்.பி.3 பயணத்துக்குப் போதும், சுவடிநிலையத்துக்குப் போதாது. அதில் ஒருமுறை கழித்தது திரும்பி வராது.

சரி, பெட்டிக்குள் எதை வைப்பது? வரிசையாகச் சொல்கிறோம்.

பிராசசரைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஃபிளாக் கோப்பை விரித்துப் பாடுவது 2012இல் வந்த முதல் ராஸ்பெரி பை கணினிக்கே எளிய வேலை. இன்டெல் என்100 போன்ற ஆறு வாட் வகைச் சில்லு வேண்டிய அளவுக்கு மேல் போதும். அதைவிடச் சிக்கனம், அலுவலகங்கள் கழித்துவிடும் சிறிய மேசைக் கணினி. சென்னை ரிச்சி தெருவில் அலைந்தால் கிடைக்கும். நான்கு ஜி.பி. நினைவகம் போதும், எட்டு இருந்தால் தாராளம். இங்கே முதன்மையாகப் பார்க்க வேண்டியது மின்செலவு, ஏனென்றால் சர்வர் இரவும் பகலும் விழித்திருப்பது. பழைய பெரிய மேசைக் கணினி 60 வாட் இழுத்தால் அறுபது நாளில் 86 யூனிட்டுக்கு மேல் ஆகும். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமின்றித் தரப்படுகிறது. அதை ஏறத்தாழ முழுவதும் இந்த ஒரு பெட்டியே தின்றுவிடும். 10 வாட் பெட்டிக்கு அதே அறுபது நாளில் பதினான்கு சொச்சம் யூனிட்தான். மின்சாரம் குறைந்தால் சூடும் குறையும். சூடு குறைந்தால் மின்விசிறி வேண்டாம். விசிறி இல்லையேல் தூசும் இரைச்சலும் இல்லை. சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் வைக்கும் கருவிக்கு இதைவிடப் பெரிய தகுதி வேறில்லை.

ராஸ்பெரி பை வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. இயங்குதளத்தை எஸ்.டி. கார்டில் வைக்காதீர்கள். திடீர் மின்தடை கார்டைக் கெடுக்கும். நம்மூரில் மின்தடை விருந்தாளி அன்று, வீட்டு ஆள். சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றில் இயங்குதளம் இருக்கட்டும்.

பணத்தின் பெரும்பங்கு போக வேண்டிய இடம் வன்தட்டு. எவ்வளவு வேண்டும் என்பதையும் கணக்கிடலாம். அறுபது நிமிட ஒலிநாடா ஒன்று குறுந்தட்டுத் தரத்தில் 635 எம்.பி. ஆகும், ஃபிளாக்காகச் சுருக்கினால் 400க்குள் அடங்கும். இரவு பத்துக்குத் தொடங்கி விடியற்காலை ஆறு வரை நடக்கும் கூத்து, சுருக்காமலே ஐந்து ஜி.பி.தான். நான்கு டெராபைட்டு வட்டு ஒன்றில், சுருக்காமல் வைத்தாலும், ஆறாயிரம் மணி நேரத்துக்கு மேல் கொள்ளும். இரவுக்கு எட்டு மணியென்று கொண்டால் எழுநூற்றைம்பது கூத்து இரவுகள். ஒரு மாவட்டத்தின் நினைவு ஒரு புத்தகத்தின் அளவுள்ள பெட்டிக்குள் அடங்குகிறது. எனவே ஒரே பெரிய வட்டு வாங்காதீர்கள். நடுத்தர அளவில் மூன்று வாங்குங்கள். ஒன்று சர்வருக்குள். ஒன்று வீட்டிலேயே, மாதம் ஒருமுறை மட்டும் இணைத்துப் படியெடுத்துக் கழற்றி வைக்க. மூன்றாவது வேற்றூரில், உறவினர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ. ஆயிரக்கணக்கான வட்டுகளை இயக்கும் பேக்பிளேஸ் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில், ஓராண்டில் சாகும் வட்டுகள் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை என்ற அளவில் இருக்கின்றன. குறைவுதானே என்று தோன்றும். உங்களிடம் இருப்பது நூறு வட்டு அன்று, ஒன்றே ஒன்று. அது சாகும் நாளை யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள்.

இரண்டு வட்டுகளைக் கண்ணாடிப் பிம்பம்போல் ஒன்றாக ஓடவிடும் ரெய்டு முறையை வைத்துக்கொண்டு, எனக்குக் காப்புப்படி இருக்கிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. தவறு. ஒரு வட்டு செத்தால் பாட்டு நிற்காமல் ஓடும், அவ்வளவே. கைதவறி அழித்தால் இரண்டிலும் அழியும். இடி விழுந்தால் இரண்டும் சேர்ந்து போகும். திருடன் இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போவான். வட்டு வாங்கும்போது அது சி.எம்.ஆர். வகையா என்று கேட்டு வாங்குங்கள். எஸ்.எம்.ஆர். வகையில் தடங்கள் ஓட்டு வரிசைபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒன்றைத் திருத்தினால் பக்கத்தில் உள்ளவற்றையும் திருப்பி எழுத வேண்டும். சேமிப்பு சர்வருக்கென்று விற்ற வட்டுகள் சிலவற்றிலேயே இம்முறை இருந்ததை வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் 2020இல் ஒப்புக்கொண்டது. எனவே பெட்டியின் மேல் அச்சடித்த பெயரை மட்டும் நம்பாமல் மாதிரி எண்ணைப் பாருங்கள். நீண்ட நாள் கழற்றி வைக்கும் படிக்கு எஸ்.எஸ்.டி. வேண்டாம், மின்சாரம் இன்றி ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அதன் மின்னேற்றம் கசிந்துவிடக் கூடும்.

இசட்.எஃப்.எஸ்., பி.டி.ஆர்.எஃப்.எஸ். போன்ற கோப்பமைப்புகள் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணை எழுதிவைக்கின்றன. வட்டில் ஒரு பிட் மாறினாலும் அறிவிக்கும். ஃபிளாக் கோப்புக்குள்ளும் அதேபோல் மூல ஒலியின் சரிபார்ப்பு எண் பொதிந்திருக்கிறது. ஏட்டில் செல்லரித்த இடத்தை உ.வே.சாமிநாதையர் கண்ணால் பார்த்தார். வேறு பிரதிகளோடு ஒப்பிட்டார். 1887இல் சிந்தாமணி வந்தது. நம் எண்ணேட்டில் செல்லரித்த இடத்தைக் கண் காணாது, செவியும் உடனே காணாது. அதனால்தான் இந்தச் சரிபார்ப்பு. பாடவேறுபாடு பார்க்கப் பழகிய தமிழாசிரியருக்கு இதன் அருமை விளங்காமற் போகுமா?

பவர் சப்ளையிலும் யு.பி.எஸ்.சிலும் கருமித்தனம் வேண்டாம் என்று நாமும் சொல்வோம், காரணம்தான் வேறு. நல்ல பவர் சப்ளை பைரவியை இனிதாக்காது. வட்டை நெடுநாள் வாழவைக்கும். மின்சாரம் போய் இன்வெர்ட்டர் எடுப்பதற்குள் வரும் இடைவெளியில் கணினி அணைந்துவிடலாம். சிறிய யு.பி.எஸ். ஒன்று அந்த இடைவெளியைத் தாங்கும். மின்தடை நீண்டால் கணினியை ஒழுங்காக மூடிவைக்கச் சொல்லும். 2016 திசம்பரில் வர்தா புயல் வந்தபோது நம் மாவட்டத்தில் பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்ததை மறந்துவிட வேண்டாம். வீட்டின் எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை அழைத்துப் பார்ப்பதற்கு ஆகும் கூலி, தங்கமுலாம் கேபிளின் விலையில் சிறு பகுதி. பலன் பன்மடங்கு.

ஒலியழகுக்காகச் செலவழித்தே தீருவேன் என்பவருக்கும் இடம் காட்டுகிறோம். ஒலிநாடாவை எண்ணாக மாற்றும் வாயிலில் செலவழியுங்கள். நல்ல நிலையிலுள்ள பழைய கேசட் டெக் ஒன்று. தலைமுனையைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்ககால். உழைத்துத் தேய்ந்த ரப்பர் உருளைக்கு மாற்று. முக்கியமாக, தலைமுனையின் சாய்வு. பதிவு செய்த கருவியின் தலைமுனை நின்ற கோணத்தோடு, இப்போது படிக்கும் தலைமுனையின் கோணம் பொருந்தாவிட்டால் மேல்சுரங்கள் மங்கிப்போகும். முகவீணை சளிபிடித்தது போல் ஒலிக்கும். சிறு திருகாணி ஒன்றை ஒவ்வொரு நாடாவுக்கும் செவியால் கேட்டுத் திருப்ப வேண்டும். ஆயிரம் ரூபாய் கேபிள் தராத தெளிவை அந்தக் கால்சுற்றுத் திருகல் தரும். மூலப் பதிவை மட்டும் 24 பிட்டில் எடுங்கள். ஒலிமட்டம் ஏறியும் இறங்கியும் வரும் நாடாவுக்கு அந்த இடத்தாராளம் உதவும். இங்கே கூடுதல் பிட்டுக்குக் காரணம் இருக்கிறது. காரணமுள்ள செலவை நாம் எதிர்க்கவில்லை.

இனி, யாரும் பேசாத ஓர் உறுப்பு. கடையில் விற்காத உறுப்பு. பெயர்.

நண்பர்கள் பலரின் தொகுப்பைப் பார்த்திருக்கிறோம். தோடி ஒரே வீட்டில் மூன்று ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருக்கிறது, காம்போதி நான்கில். எதைத் தேடினாலும் பாதி வராது. பழைய எம்.பி.3 கோப்புகளின் முதல் அடையாள முறையில் ஒரு தலைப்புக்கு முப்பது எழுத்துதான் இடம், அதுவும் உரோமன் எழுத்து. அக்காலத்தில் வேறு வழியில்லை என்பது உண்மை. தமிழ் 1991 முதல் யூனிகோடில் இருந்தும், நாம் பதினைந்து இருபது ஆண்டு பாமினி, டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியீட்டில் எழுதிக்கொண்டிருந்தோம். இன்று ஃபிளாக் கோப்பில் தமிழை நேரடியாக எழுதலாம். புலத்தின் பெயர் மட்டும் உரோமன் எழுத்தில் இருக்க வேண்டும். உள்ளே எழுதுவது தமிழாக இருக்கலாம். புலங்களை நாமே உண்டாக்கிக்கொள்ளவும் தடையில்லை. மேலைநாட்டு அமைப்பு பாடகர், தொகுப்பு, வகை என்ற மூன்று பெட்டியைத் தருகிறது. நமக்கு இராகம் வேண்டும், தாளம் வேண்டும், இயற்றியவர் வேண்டும், பக்கவாத்தியக்காரர்கள் ஒவ்வொருவரும் வேண்டும். கூத்துக்கு நாடகத்தின் பெயர், சபையின் பெயர், வாத்தியார், கட்டியங்காரன், முகவீணை, ஊர், திருவிழா, ஆண்டு. இவற்றை எழுதாமல் ‘டிராக் 01’ என்று வைத்திருப்பது, முதலேடும் இறுதியேடும் இழந்த சுவடியை வேண்டுமென்றே உண்டாக்குவதாகும். ஆசிரியர் பெயர் தெரியாத பாடல்களோடு தமிழ் பட்ட பாடு போதாதா? அந்த ஊரில் அன்று கட்டியங்காரன் வேடம் கட்டியவர் யார் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பத்தாண்டு கழித்து இருக்கமாட்டார்கள்.

இதையெல்லாம் அரசு செய்யாதா, நிறுவனங்கள் செய்யாதா என்று கேட்பார்கள். செய்பவர்கள் இருக்கிறார்கள். 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் காஞ்சிபுரத்தின் அருகே புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் நடத்திக் கலையையே அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தது. நன்றி உண்டு. ஆனால் உங்கள் வீட்டுப் பரணுக்கு எந்த நிறுவனமும் ஏணி போட்டு ஏறி வராது. ரோஜா முத்தையா கோட்டையூரில் தம் சொந்த உழைப்பில் நூல்களையும் இதழ்களையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின்னரே, 1994இல், அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. முதலில் ஒரு தனிமனிதன் சேர்க்க வேண்டும். நிறுவனம் பிறகு வரும், வந்தால் வரும். இந்த வரிசையை மாற்ற முடியாது.

உரிமைச் சட்டம் இடம் கொடுக்குமா என்று அஞ்சுவோருக்கு: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தனிப்பட்ட பயனுக்கும் ஆராய்ச்சிக்குமான நேர்மையான கையாளலை மீறலாகக் கொள்வதில்லை. ஒலிப்பதிவின் உரிமைக்காலம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. வீட்டுச் சர்வரை ஊருக்கெல்லாம் திறந்துவிட்டு வியாபாரம் செய்வது வேறு. அதற்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. கூத்துப் பதிவுகளில் சட்டத்துக்கு மேலான கடமை ஒன்றும் இருக்கிறது. எண்ணாக மாற்றியதன் ஒரு படி அந்தச் சபையின் வாத்தியாருக்கோ, அவர் இல்லையேல் குடும்பத்துக்கோ போய்ச் சேர வேண்டும். அது அவர்கள் பாட்டு. மேலும், அது உங்கள் நான்காவது காப்புப்படி.

உத்திரமேரூர் வைகுந்தப்பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919ஆம் ஆண்டினதும் 921ஆம் ஆண்டினதும், இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. யார் வாரியத்துக்கு நிற்கலாம், யார் கூடாது, ஓலையைக் குடத்தில் எப்படி இட வேண்டும், எப்படி எடுக்க வேண்டும் என்ற விதி முழுவதும் கல்லில் இருப்பதால் நம் கைக்கு வந்திருக்கிறது. குடத்தில் இட்ட ஓலைகளில் ஒன்றுகூட வரவில்லை. அவற்றில் எழுதியிருந்த பெயர்களும் அவற்றோடு போயின. எதை எதில் எழுதுகிறோம் என்பது ஆயிரம் ஆண்டு கழித்து இவ்வளவு பெரிய வேறுபாடாகிறது. கல்லில் வெட்ட முடியாதவற்றை நம் முன்னோர் ஓலையில் எழுதினார்கள். ஓலை நில்லாது என்று தெரிந்தே, தலைமுறைக்குத் தலைமுறை படியெடுத்தார்கள். படியெடுப்பதை நிறுத்திய வீடுகளில் ஏடுகள் ஆடிப்பெருக்கன்று ஆற்றோடு போயின.

நம் கையில் இருப்பதும் ஓலைதான். வன்தட்டு ஐந்தாண்டில் ஓயும். நற்பேறு இருந்தால் பத்தாண்டு. ஆகவே பெட்டிக்கான பணத்தைப் பத்துப் பங்காக்கினால் ஆறு பங்கு வட்டுகளுக்கும் படிகளுக்கும், இரண்டு பங்கு யு.பி.எஸ்., எர்த் முதலிய மின்காப்புக்கும், ஒரு பங்கு கணினிக்கும், ஒரு பங்கு டேக்குக்கும் என்று வையுங்கள். கடைக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும். தங்கமுலாம் கேபிளை அவரிடமே விட்டுவிட்டு, அந்த விலைக்கு இன்னொரு வட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். மழைக்காலம் தொடங்குமுன் பரணில் ஏறுங்கள்.